பஸ் திரும்பும் ஊர் வரை

டெப்போவில் அவருக்குப் பெயர் சார்ட்டு. எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்தக் கண்டக்டருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு லீவு, யாருக்குக் கிடையாது என்பதையெல்லாம் பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதி, மதியத்துக்குள் சுவரில் ஒட்டுவது அவர் வேலை. ஒட்டிய கையோடு நாலு பேர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஒருவனுக்கு மச்சினி கல்யாணம். இன்னொருவனுக்கு இடுப்பு வலி. அதுவும் தூரத்து ரூட் விழுகிற அன்றைக்கு மட்டும் வருகிற வலி. சார்ட்டு யாரிடமும் கோபப்பட மாட்டார். "உனக்கு மாத்தினா இன்னொருத்தனுக்கு மாத்தணும். அவன் வந்து என் கழுத்தைப் பிடிப்பான். என் கழுத்தை யாரு பிடிக்கறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிட்டு வாங்கப்பா" என்பார். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

அன்றைக்குச் சண்டைக்கு வந்தது டிரைவர் இல்லை, அவர் தங்கை.

அவள் டெப்போ பக்கம் வருகிறவளே இல்லை. டீசல் நாற்றம் தலைவலி தரும் என்பாள். வந்தவள் பெஞ்சில் உட்காரக்கூட இல்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அவரு மலைக்கு நடக்கப் போறேங்கறாரு."

சார்ட்டு பேனாவை மூடி வைத்தார்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை அது. தங்கைக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷன் அன்றைக்கு அவள் புருஷன், அதாவது சார்ட்டுவின் மாப்பிள்ளை, வராந்தாவில் லிஃப்டுக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். உள்ளே பெண்டாட்டியை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் காதோ லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தத்திலேயே இருந்தது. "மூணாவது மாடில ஒரு உதறு உதறுது மச்சான், கவனிச்சீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்து அழுதார். அப்போது வேண்டிக்கொண்டதுதான். அவள் பிழைத்து வீடு வந்தால், வீட்டு வாசலிலிருந்து மலைக்கோயில் வாசல் வரைக்கும் நடந்தே வருகிறேன் என்று.

அவள் பிழைத்துவிட்டாள். மருந்தில் உதிர்ந்த முடியெல்லாம் முன்னைவிட அடர்த்தியாக முளைத்தது. ஆனால் நடக்கிறேன் என்று சொன்னவருக்கு அடுத்த வருஷமே இதயம் காலை வாரிவிட்டது. ஏதோ ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று படியேறிப் போனவர், பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். இதயம் வீங்கியிருக்கிறது, ரத்தத்தை முழுசாகத் தள்ளுவதில்லை என்றார் டாக்டர். "சமதரையில மெதுவா, கொஞ்சமா நடக்கலாம். ஏத்தம் கூடாது. மூச்சு வாங்கற எதுவும் கூடாது." இந்த ஒரே பேச்சில் மாப்பிள்ளை காதில் விழுந்தது 'நடக்கலாம்'; தங்கை காதில் விழுந்தது 'கூடாது'. அன்றிலிருந்து வீட்டில் இந்த இரண்டு வார்த்தையும்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

"நீங்க சொன்னாத்தான் அண்ணே கேப்பாரு. சாயங்காலம் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கை போய்விட்டாள்.

சார்ட்டுவுக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷமாக டெப்போவில் அவர் சொல்லி யாரும் எதையும் கேட்டதில்லை. சுவரில் ஒட்டினால்தான் கேட்பார்கள்.

கல்யாணம் கட்டாத மனுஷர் அவர். தனி அறையில் இருந்தாலும் தங்கை வீடுதான் வீடு. லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில். சார்ட்டு படியேறிப் போனபோது மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து, புதிதாக வாங்கிய கேன்வாஸ் ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். ஆள் மெலிந்திருந்தார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும்.

"வாங்க மச்சான். உங்க தங்கச்சி சொல்லிட்டாளா? அப்ப என் வேலை சுலபம். உங்க கையால ஒரு சார்ட் போட்டுக் குடுங்க. இன்னிக்கு இங்கிருந்து இதுவரைக்கும், நாளைக்கு அங்கிருந்து அதுவரைக்கும்னு. எங்க கம்பெனிப் பசங்க வருஷா வருஷம் போறானுங்க. மூணு நாள்ல போய்ச் சேர்றானுங்க. எனக்கு ஒரு மாசம் ஆகட்டுமே. யாரு துரத்துறா?"

"டாக்டர் என்ன சொன்னாரு மாப்ளே?"

"நடக்கலாம்னாரு."

"கூடாதுன்னாரு!" அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

சார்ட்டு மென்று விழுங்கினார். வரும்போது பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததை எடுத்து விட்டார். "வேண்டுதல்னா நீங்களேதான் நடக்கணும்னு இல்ல மாப்ளே. உங்களுக்குப் பதிலா நான் நடக்கறேன். எனக்கு லீவு கெடக்கு. இல்ல, அவளே நடக்கட்டும். அவதான் இப்போ திடமா இருக்காளே."

"அவளா?" மாப்பிள்ளை கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "வாங்கின பொருளே எழுந்து போய் விலையைக் குடுத்துட்டு வருமா மச்சான்?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. தங்கை கத்தியோடு வாசற்படியில் வந்து நின்றாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் கண்ணில் தண்ணீர் வழிந்தது. எது வெங்காயத்துக்கு, எது இவருக்கு என்று சொல்ல முடியாது.

"எனக்காக வேண்டிக்கிட்டு எனக்காகவே நீங்க போயிச் சேந்துட்டா, நான் பொழைச்சு வந்து என்ன பிரயோஜனம்? அதையும் கேட்டுக்கிட்டு வாங்க, உங்க மலைல."

"நான் சும்மா இருந்தா, உனக்கு மறுபடி ஒண்ணு வந்துடுமோன்னு இருக்குடி" என்றார் மாப்பிள்ளை. மெதுவாகத்தான் சொன்னார். "நான் கேட்டேன். சாமி குடுத்துடுச்சு. நீ எதிர்ல நின்னு என்னைத் திட்டறே. தெரியாத மாதிரி நான் எப்படி இருக்கறது?"

தங்கை திரும்பி உள்ளே போய்விட்டாள்.

சார்ட்டு கிளம்பும்போது மாப்பிள்ளை படிவரை வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க போட்டுக் குடுக்கலைன்னா நானே போயிடுவேன் மச்சான். அப்ப எங்க இருக்கேன்னுகூட உங்களுக்குத் தெரியாது." மிரட்டலாகச் சொல்லவில்லை, விஷயமாகச் சொன்னார். கீழே தெருவில் தங்கை கறிவேப்பிலை வாங்குகிற சாக்கில் நின்றிருந்தாள். "அண்ணே, ஏதாவது பண்ணுங்க. அவரு போற மாதிரியும் இருக்கணும், போகாத மாதிரியும் இருக்கணும்."

போகிற மாதிரியும் போகாத மாதிரியும். இரண்டு நாள் அவர் அதையே நினைத்துக்கொண்டு அலைந்தார். டெப்போ சார்ட்டில் ஒரே டிரைவரை இரண்டு வண்டிக்குப் போட்டுவிட்டு நல்ல வசவு வாங்கினார்.

வழி கிடைத்ததும் டெப்போவில்தான். தூரத்து வண்டிக்கு டிரைவர் மாற்றுவார்கள். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே அடுத்த டிரைவர் இன்னொரு பஸ்ஸில் போய் ஏறிக்கொள்வார்; பழைய டிரைவர் வீட்டுக்கு வந்து தூங்குவார். மாப்பிள்ளையும் அப்படியே நடந்தால் என்ன? இன்று வீட்டிலிருந்து ஓரிடம் வரை நடக்கட்டும். அங்கிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வரட்டும். மறுநாள் அதே இடத்துக்கு பஸ்ஸில் போய், விட்ட இடத்திலிருந்து தொடங்கட்டும். விட்ட இடத்திலேயே தொட்டு நடந்தால் ஒரு அடி குறையாதே. ராத்திரி வீட்டுச் சாப்பாடு, வீட்டு மாத்திரை, வீட்டுக் கட்டில். ஒருநாள் நடந்தால் ஒருநாள் ஓய்வு.

சார்ட்டு சொல்லி முடித்ததும் மாப்பிள்ளை, "தவணை முறையில வேண்டுதலா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. தங்கை முதுகைத் தடவி விட்டாள். "ஆனா சரிதான் மச்சான். வழியில தங்கித் தூங்கி எழுந்துதான் வரணும்னு நான் வேண்டிக்கலையே."

சார்ட்டு உட்கார்ந்து எழுதினார். முதல் கட்டம் வீட்டிலிருந்து மார்க்கெட். இரண்டாவது மார்க்கெட்டிலிருந்து ரயில்வே கேட். அப்புறம் செங்கல் சூளை, பெட்ரோல் பங்க், ஆற்றுப் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் எடைமேடை. ஒவ்வொரு கட்டத்துக்கும் திரும்புகிற பஸ் எது, உட்கார நிழல் எங்கே, தண்ணீர் எங்கே, பக்கத்தில் ஆஸ்பத்திரி எது. அவருக்கு அந்த ரோடு உள்ளங்கை மாதிரி. எழுதிக்கொண்டே போனவர், டவுன் பஸ் போய்த் திரும்புகிற ஊரில் வந்து பேனாவைத் தூக்கினார்.

அதற்கு மேல் அவரிடம் கட்டம் இல்லை. அந்த ஊருக்கப்புறம் காட்டு ரோடு. காலையில் ஒரு வண்டி போகும், அது மறுநாள்தான் திரும்பும். போய் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்க முடியாது. அதற்கும் அப்புறம் ஏற்றம். இந்தத் திட்டம் மலைக்குப் போகாது என்பது முதல் கோடு போடும்போதே அவருக்குத் தெரியும்.

தாளைப் பார்த்த தங்கைக்கும் தெரிந்துவிட்டது. "இதுக்கு அப்புறம் அண்ணே?"

"அதுக்குள்ள மனசு மாறிடும்."

"மாறலைன்னா?"

"அப்பப் பாத்துக்கலாம்."

தூரத்தில் இருக்கிற எதற்கும் சொல்கிற பதில்தான்.

முதல் நாள் தங்கையும் கூடவே நடந்தாள். மார்க்கெட்டுக்குப் போவதற்குள் அரை நாள் ஆகிவிட்டது. "இவ கூட வந்தா நான் பேசிக்கிட்டே வரேன், அதுலயே மூச்சு போயிடுது" என்று மாப்பிள்ளை அவளை அடுத்த நாளிலிருந்து நிறுத்திவிட்டார். ஆனால் ஆள் தனியாக நடந்ததாகச் சொல்ல முடியாது. அந்த ரூட்டில் ஓடிய அத்தனை பஸ்ஸும் சார்ட்டு போட்ட வண்டிகள். போகிற டிரைவர் எல்லாம் ஹாரன் அடித்துக் கையசைத்தார்கள். வருகிற கண்டக்டர் எல்லாம் டெப்போவில் வந்து தகவல் சொன்னார்கள். "உங்க மாப்பிள்ளை செங்கல் சூளைகிட்ட உட்கார்ந்து ஷூவுல இருந்து கல்லைத் தட்டிட்டிருந்தாரு." "பெட்ரோல் பங்க்குல காத்து அடிக்கிறவன்கிட்ட லிஃப்ட்டு எப்படி வேலை செய்யுதுன்னு பாடம் நடத்திட்டிருக்காரு சார், வண்டியெல்லாம் வரிசைல நிக்குது." இடுப்பு வலிக்காரன் ஒருநாள் வண்டியை ஓரம் கட்டி அவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டு, லேட்டாக வந்து, "என்ன வேணா எழுதிக்குங்க சார்" என்றான். சார்ட்டு ஒன்றும் எழுதவில்லை.

விசித்திரம் என்னவென்றால், மாப்பிள்ளைக்கு முகம் தெளிந்தது. வெயிலில் கறுத்தார்; ஆனால் கண்ணில் பழைய குறும்பு வந்தது. ராத்திரி இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணன் காதில் கேட்டாள்: "மனசு சந்தோஷமா இருந்தா இதயம் தானா சரியாயிடுமா அண்ணே?"

"டாக்டரைத்தான் கேக்கணும்."

கேட்டிருக்கலாம். இருவருமே கேட்கவில்லை. என்ன சொல்லிவிடுவாரோ என்று பயம்.

ஆற்றுப் பாலத்துக் கட்டத்தன்று சார்ட்டுவுக்கு வார லீவு. அவரும் கூடப் போனார். பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோதுதான் பார்த்தார். மாப்பிள்ளையின் இடது ஷூவில் கயிறே இல்லை. உருவிவிட்டிருந்தார். சாக்ஸ் விளிம்பு கணுக்காலில் கயிறு கட்டிய மாதிரி புதைந்திருந்தது. சார்ட்டு குனிந்து கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. மாவில் அழுத்தின மாதிரி.

"எத்தனை நாளா மாப்ளே?"

"அவகிட்ட சொல்லாதீங்க மச்சான்."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"சாயங்காலத்துல வரும். காலைல வத்திடும். இப்ப காலைலயும் இருக்கு." மாப்பிள்ளை ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாலத்தைத் தாண்டிடலாம். தாண்டிட்டு டாக்டர்கிட்ட போலாம். உங்க கால்ல விழறேன்."

தாண்டினார்கள். அந்தப் பாலத்தைத் தாண்ட ஆன நேரத்தில் அந்தப் பக்கம் போன ஒரு பஸ் நகரத்துக்குப் போய்த் திரும்பியே வந்துவிட்டது. நேராக டாக்டரிடம் கூட்டிப் போனார் சார்ட்டு. டாக்டர் முதுகில் குழலை வைத்துக் கேட்டார், நீர் இறங்க மாத்திரை எழுதினார், "இதோட நிறுத்திக்கணும். நான் சும்மா சொல்லலை" என்றார்.

வீட்டில் மாப்பிள்ளை ஷூவைக் கழற்றியபடியே அறிவித்தார்: "டாக்டரைப் பார்த்துட்டு வந்தோம். மாத்திரை மாத்தியிருக்காரு. ஒரு வாரம் ரெஸ்ட், அப்புறம் நடக்கலாமாம்."

தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படியா அண்ணே?"

எத்தனையோ பேருக்கு முகத்துக்கு நேரே லீவு இல்லை என்று சொன்ன வாய். தங்கை முகத்தில் ஒரு மாதமாக இருந்த வெளிச்சத்தைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சுகிற மாப்பிள்ளையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, என்னவென்று ஆட்டினாரா, அவருக்கே தெரியாது. அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

வாரம் கழிந்தது. வீக்கம் வற்றியது. மறுபடி நடந்தார். இப்போது கண்டக்டர்கள் கொண்டுவந்த தகவல் குறைந்துபோனது. "உட்கார்ந்திருந்தாரு சார்" என்று மட்டும் சொன்னார்கள். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே, மழைக்காலம் முடிந்த சமயத்தில், பஸ் திரும்பும் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்று மாலை அவரே டெப்போவுக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்: "அடுத்த கட்டம் எது மச்சான்?"

"அடுத்த கட்டம் இல்ல மாப்ளே."

சொல்லிவிட்டார். காட்டு ரோட்டைச் சொன்னார், திரும்பி வர வண்டி இல்லாததைச் சொன்னார், ஏற்றத்தைச் சொன்னார். டெப்போ முற்றத்தில் யாரோ வண்டிக்குத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டார்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மொதல் நாள்லேருந்து."

சார்ட்டு திட்டுக்குத் தயாராக இருந்தார். ஒரு அறை விழுந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை அவர் தோளில் கையை வைத்தார். "நீங்க பண்ணது தப்பில்ல மச்சான். உங்க எடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து, டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். அறை வாங்கியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலையில் தங்கை மாடித் துணியை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் ஆள் கிளம்பிவிட்டார். மாத்திரைகளையும் ஒரு சால்வையையும் எடுத்துப் போயிருந்தார். முற்பகலில் ஃபோன் செய்தார். "காட்டு ரோட்டுல நல்ல நிழல்டி. மெதுவாத்தான் நடக்கறேன். சாப்பிட்டேன். தேடிக்கிட்டு வராத. ரெண்டு நாள்ல நானே பேசறேன்." அவள் வாயைத் திறப்பதற்குள் ஃபோன் அணைந்துவிட்டது. அப்புறம் எத்தனை தரம் போட்டாலும் ஒரு பெண் குரல் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது.

தங்கை டெப்போவுக்கு வந்தபோது சார்ட்டு கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் அழவில்லை. "அன்னிக்கு டாக்டர் நிஜமாவே என்ன சொன்னாரு அண்ணே?" என்றாள்.

"நிறுத்தச் சொன்னாரு."

அப்புறம் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றைய தினம் முழுக்க அண்ணே என்று கூப்பிடவும் இல்லை.

அன்றைக்கு ஓய்வில் இருந்த இடுப்பு வலிக்காரன் தன் சித்தப்பாவின் வேனை எடுத்துக்கொண்டு வந்தான். எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. பஸ் திரும்பும் ஊரைத் தாண்டினார்கள். டீக்கடையில் விசாரித்தார்கள். "ஷூவைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போனாரே, அவரா?" என்றான் கடைக்காரன். ஷூ காலில் நுழையவில்லை என்றால் கால் எப்படி இருக்கும். காட்டு ரோட்டில் வேன் ஊர்ந்தது. தங்கை இடது பக்கம் பார்த்தாள், இவர் வலது பக்கம் பார்த்தார். எந்த நேரத்தில் எந்த வண்டி எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனுஷர். ஒரு ஒற்றை ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் ஒவ்வொரு மரத்தடியாகப் பார்த்துக்கொண்டு போனார்.

ஒரு சின்னப் பாலத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தார் மாப்பிள்ளை. சால்வையைப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, முன்னால் சாய்ந்து. கிட்டப் போனபோதுதான் மூச்சின் சத்தம் கேட்டது. நெஞ்சுக்குள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி. உதடு நீலம் பாரித்திருந்தது. அவர்களைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார்.

"கொஞ்சம்... உட்கார்ந்துட்டு... நடக்கலாம்னு."

தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். படுக்க வைத்தால் மூச்சு இன்னும் முட்டியது. வேனில் ஏற்றவே பயமாக இருந்தது. இடுப்பு வலிக்காரன் சிக்னல் தேடி ரோட்டில் முன்னும் பின்னும் ஓடி, ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு வந்தான். "வந்துட்டிருக்காம் சார்." சார்ட்டு அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் பயணிகளுக்குச் சொல்லியிருப்பார். வந்துட்டிருக்கு. நடு ரோட்டில் நின்றுகொண்டார். வளைவைப் பார்த்தார். செய்வதற்கு வேறு ஒன்றுமே இல்லை.

"மச்சான்... இங்கேருந்து... எவ்வளவு தூரம்? நெஜத்தைச் சொல்லுங்க."

"ஒருநாள் நடை மாப்ளே. நல்லா நடக்கறவனுக்கு."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். சமாதானமானது போலத்தான் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆக்சிஜன் மாட்டி, உட்கார்ந்தபடியே ஸ்டிரெச்சரில் சாய்த்து ஏற்றினார்கள். டிரைவர் வண்டியைத் திருப்பவில்லை. நேராக விட்டார். பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி மலையடிவாரத்து ஊரில்தான் இருந்தது. வண்டி எந்தப் பக்கம் போகிறதென்று மாப்பிள்ளைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகமூடியைப் பிடித்து இழுத்தார்.

"எறக்கி விடச் சொல்லு. வண்டில போனா ஆகாது. நடந்து வரேன்னு சொல்லியிருக்கேன். எறக்கி விடச் சொல்லுடி."

தங்கை ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், சார்ட்டு இன்னொரு கையை. பலமே இல்லாத கை. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டு, அந்த ஒருநாள் நடையை அவர்கள் அரை மணி நேரத்தில் கடந்துவிட்டார்கள்.

உயிர் பிழைத்தது. ஆஸ்பத்திரி வார்டு ஜன்னலிலிருந்து மலை தெரிந்தது, படிக்கட்டு தெரிந்தது, அதில் ஏறுகிறவர்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் கும்பிட்டார்கள். மாப்பிள்ளை அங்கே இருந்தவரை சுவர்ப் பக்கமாகவே திரும்பிப் படுத்திருந்தார். "வந்ததுதான் வந்தோம், நான் மட்டும் போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வரவா?" என்று தங்கை ஒருநாள் கேட்டாள். "வேண்டாம். நாம இன்னும் வந்து சேரலை" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, அதே தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தார்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும்தான் இப்போது மாப்பிள்ளையின் நடை. நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், உட்கார்ந்து போக. இனிமேல் கூடாது என்று டாக்டர் சொன்னதில் இந்த முறை 'நடக்கலாம்' என்ற வார்த்தை எங்கேயும் இல்லை.

சார்ட்டு ஞாயிறுதோறும் போனார். முதல் சில வாரம் கிரிக்கெட் பற்றிப் பேசினார்கள், டெப்போ கதை பேசினார்கள். ஒரு ஞாயிறு மாப்பிள்ளை தலையணையில் சாய்ந்தபடி கேட்டார்.

"அந்தப் பாலத்துத் திண்டு வரைக்கும் நான் நடந்தது நடந்ததுதானே மச்சான்?"

"நடந்ததுதான். அதை யாரு இல்லைங்க முடியும்?"

"அப்ப அங்கேருந்துதான் ஆரம்பிக்கணும். அங்கேருந்து போட்டுக் குடுங்க."

சார்ட்டு தங்கையைப் பார்த்தார். அவள் மாத்திரைகளைக் காலைக்கு, மதியத்துக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போட்டுக் குடுங்க அண்ணே" என்றாள்.

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இந்த முறை ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வர அந்த ரோட்டை நன்றாகவே பார்த்திருந்தார். பாலத்திலிருந்து எங்கே முதல் நிழல், எங்கே தண்ணீர், எங்கே உட்காரக் கல் என்று எல்லாம் தெரிந்திருந்தது. முதல் கட்டமாக, பாலத்திலிருந்து வனத்துறை செக்போஸ்ட் வரை என்று எழுதினார். நல்ல கால் உள்ளவன் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் போய்விடுவான். படித்துக் காட்டினார்.

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அந்த ரோட்டை நினைத்துப் பார்த்தார். நெற்றியில் லேசாக வேர்த்தது. ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"செக்போஸ்ட் தூரம் மச்சான். முடியாது. பாதி போடுங்க."

சார்ட்டுவிடம் லீவு கேட்டு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கெஞ்சியிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. செக்போஸ்ட்டை அடித்துவிட்டு, பாதி வழியில் என்ன இருக்கிறது என்று யோசித்தார். ஒன்றும் இல்லை. வெறும் ரோடு.

"பாதில ஒண்ணும் இல்லையே மாப்ளே, சொல்ற மாதிரி."

"பரவாயில்ல. எழுதுங்க" என்றார் மாப்பிள்ளை.